இழுக்காத நாளிலும் அது நோய்தான்

"இன்ஹேலரா எடுக்கிறீங்க? அய்யய்யோ, அது பழகிடுமே! அப்புறம் விடவே முடியாது."

கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார். கல்யாணப் பந்தியில் எதிரே உட்கார்ந்த முன்பின் தெரியாத பெரியவர் சொல்கிறார். சில சமயம் அந்த மருந்தை எடுத்துக் கொடுக்கிற மெடிக்கல் ஷாப் தம்பியே சொல்கிறார். எல்லோரும் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். அந்த நல்ல எண்ணத்தை நம்பித்தான் எத்தனையோ பேர் மருந்தைப் பாதியில் நிறுத்திவிட்டு, ஒரு மார்கழி விடியலில் மூச்சுக்குத் தவித்து ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார்கள்.

இருபது வருடமாகச் சர்க்கரை மாத்திரை போடுகிறவரிடம் யாராவது "பழகிடும், நிறுத்துங்க" என்கிறார்களா? பிரஷர் மாத்திரைக்கு அப்படி ஒரு பேச்சு உண்டா? மூச்சுக்கு எடுக்கிற மருந்துக்கு மட்டும் ஏன் இந்தப் பழி?

யோசித்துப் பார்த்தால் காரணம் ஒன்றுதான். ஆஸ்துமாவை நாம் நோயாகவே பார்ப்பதில்லை. 'வீசிங் வந்துச்சு' என்று ஒரு சம்பவமாகப் பார்க்கிறோம். வந்தது, ஊசி போட்டோம், போய்விட்டது. வீட்டார் அப்படி நினைக்கிறார்கள், நோயாளியும் அப்படியே நினைக்கிறார். மருத்துவமனைச் சீட்டும் காப்பீட்டுத் திட்டமும்கூட அப்படித்தான் நடந்துகொள்கின்றன. இழுக்கிற அன்றைக்கு ஆயிரம் பேர் ஓடி வருகிறோம். இழுக்காத முந்நூறு நாளில் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. என் ஆதங்கமெல்லாம் அந்த முந்நூறு நாளைப் பற்றித்தான்.

ஆஸ்துமாக்காரரின் மூச்சுக்குழாய் உட்சுவர் எப்போதும் கொஞ்சம் சிவந்து, வீங்கி, எதையும் தாங்காத நிலையில் இருக்கிறது. தூசியோ புகையோ குளிர்காற்றோ சளிக்காய்ச்சலோ பட்டதும் குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது, சுவர் இன்னும் வீங்குகிறது, கெட்டியான சளி அடைக்கிறது. காற்று உள்ளே போவதைவிட வெளியே வருவதுதான் பெரும்பாடு. அப்போதுதான் அந்த விசில் சத்தம் கேட்கிறது. தசை தளர்ந்ததும் சத்தம் நின்றுவிடும். ஆனால் வீக்கம் அப்படியே இருக்கும், நீறு பூத்த நெருப்பாக. அடுத்த முறை தூண்டுதல் வரும்வரை அது வெளியே தெரியாது.

இதற்கு மருந்து இரண்டு வகை. ஒன்று, இறுகிய தசையை உடனே தளர்த்தும் சால்பியூட்டமால். பெரும்பாலும் நீல நிற இன்ஹேலரில் வருவது இதுதான். சில நிமிடத்தில் மூச்சு விடும், அதனால் எல்லோருக்கும் இதன்மேல் நம்பிக்கை. மற்றொன்று, வீக்கத்தை அடக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலர்: புடசோனைடு, பெக்லோமெத்தசோன், ஃப்ளூடிகசோன் போன்றவை. எடுத்தவுடன் ஒன்றும் தெரியாது. நாள்தோறும் எடுத்தால் சில வாரங்களில் இராத்திரி எழுந்து உட்காருவது குறையும், மாடிப்படி ஏறலாம், இழுப்பு வருவதே அரிதாகும். உயிரைக் காப்பது இந்த இரண்டாவது மருந்து. நம் ஊரில் எல்லோரும் நிறுத்தச் சொல்வதும் இதைத்தான்.

ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டதும் பயம் வருகிறது. கணக்கைப் பார்க்கலாம். சால்பியூட்டமால் இன்ஹேலரில் ஒரு அழுத்துக்கு 100 மைக்ரோகிராம் மருந்து வருகிறது. அதே மருந்து மாத்திரையாக 4 மில்லிகிராம், அதாவது 40 மடங்கு. மாத்திரை இரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கச் சுற்றிவிட்டு நுரையீரலுக்கு வர வேண்டும். அதனால்தான் கை நடுக்கமும் படபடப்பும். இன்ஹேலர் நேராகப் போக வேண்டிய இடத்துக்கே போகிறது. ஸ்டீராய்டுக்கும் இதே கதைதான். இன்ஹேலரில் எடுப்பது ஒரு வேளைக்கு 200 மைக்ரோகிராம் அளவில். இழுப்பு முற்றினால் மாத்திரையாகக் கொடுப்பது நாளுக்கு 40 மில்லிகிராம் அளவில். இன்ஹேலர் எடுத்த பிறகு தண்ணீர் ஊற்றி வாய் கொப்பளித்துத் துப்பிவிட்டால் வாயில் வெண்படலம் வருவதையும் தவிர்க்கலாம். சின்ன அளவுக்குப் பயந்து, கடைசியில் பெரிய அளவை ஊசியாகவும் மாத்திரையாகவும் ஏற்றிக்கொள்கிறோமே, அதுதான் மனசை அறுக்கிறது.

அப்படி ஏற்றிக்கொள்வது எங்கே போய் முடிகிறது என்பதைக் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கல்வராயன் மலையில் பார்த்தேன். வெள்ளிமலையைத் தாண்டிய ஒரு சிற்றூரில் ஒரு ஆயா. தாழ்ந்த கூரை, மூன்று கல் அடுப்பு, மழையில் நனைந்த விறகு. அடுப்புக்கு நேர் மேலே விதைக்கு வைத்த கதிர் தொங்குகிறது. புகை பட்டால் வண்டு அண்டாது. புகை அங்கே வேண்டாத விருந்தாளி இல்லை, அதற்கும் ஒரு வேலை இருக்கிறது. ஆயா இடுப்புப் பையிலிருந்து ஒரு பேப்பர் பொட்டலத்தை எடுத்துப் பிரித்துக் காட்டினார். உள்ளே பொடிசான வெள்ளை மாத்திரைகள். அட்டையும் இல்லை, பேரும் இல்லை. "இதைப் போட்டா ஒரு வாரம் சொகமா இருக்கும் கண்ணு. தீந்துட்டா மறுபடி இளைக்கும். அப்புறம் கீழ போயி வாங்கியாரணும்." அவருடைய கன்னம் இரண்டும் உப்பி முகம் நிலவு போல வட்டமாகியிருந்தது. கை மட்டும் குச்சி. கண்ணில் புரை விழத் தொடங்கியிருந்தது. பல வருடம் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு வரும் அத்தனை அடையாளமும் அந்த உடம்பில் இருந்தது. சர்க்கரை ஏறுவதும் எலும்பு தேய்வதும் கூடவே வரும். யார் கொடுத்தார்கள் என்று கேட்டுப் பிரயோசனம் இல்லை. அந்த ஆயாவுக்கு இன்ஹேலர் என்று ஒன்று இருப்பதையே யாரும் ஏன் சொன்னதில்லை? அதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

இன்னொன்றும் இருக்கிறது. அவருக்கு இருப்பது ஆஸ்துமாதானா, அல்லது ஆயுசு முழுக்க அடுப்புப் புகையைச் சுவாசித்ததால் வந்த சிஓபிடி என்ற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயா? பீடியைத் தொடாத பெண்களுக்கும் விறகடுப்பால் அது வரும். ஆஸ்துமாவில் குழாய் சுருங்கும், மருந்தில் பெருமளவு விரியும்; சிஓபிடியில் அப்படி முழுதாகத் திரும்பாது. இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். மருந்து வேறுபடும் என்பதால் கண்டுபிடித்தாக வேண்டும். அதற்கு ஸ்பைரோமீட்டரில் ஊதிப் பார்க்க வேண்டும். குறைந்தது பீக் ஃப்ளோ மீட்டர் என்ற சின்னப் பிளாஸ்டிக் குழாயிலாவது ஊதிப் பார்க்கலாம். அதற்கு மின்சாரமும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம். மலையிலுள்ள ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்து மேசையிலும் பிரஷர் கருவிக்குப் பக்கத்தில் அது ஒன்று இருக்கக் கூடாதா?

1976 வரை ஜாகீர்தார்கள் கையில் இருந்த மலை இது. சாலையும் பள்ளியும் வைத்தியமும் தாமதமாகத்தான் ஏறி வந்தன. 2024-இல் சென்னை உயர் நீதிமன்றமே தானாக முன்வந்து இந்த மலை மக்களின் வாழ்க்கை நிலை பற்றி வழக்கு எடுத்துக் கேள்வி கேட்க வேண்டியிருந்தது. 2016-இல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தில் கேஸ் இணைப்பு கிடைத்தாலும், தீர்ந்த சிலிண்டரை மாற்றக் காசும் வேண்டும், வண்டியும் வேண்டும். விறகு காட்டில் சும்மா கிடைக்கிறது. "கேஸ்ல சமைங்க" என்று கீழேயிருந்து புத்தி சொல்வது எளிது.

மலையை விட்டுக் கீழே இறங்கினால் மட்டும் என்ன வாழ்கிறது? கள்ளக்குறிச்சி அரிசி ஆலைக்குப் பேர்போன ஊர். உமியும் தவிடும் பறக்க, மூட்டை தூக்குகிறவர்கள் ஒரு துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத பொடித்தூசியைத் துண்டு தடுக்காது. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் இருக்கும் கரும்பு பூமி இது. அறுவடை முடிந்ததும் சோகையைக் கொளுத்திவிடுகிறார்கள், சாயங்காலம் ஊரெல்லாம் கரிப்பொட்டு. சோகையைக் கொளுத்தாமல் நிலத்திலேயே பரப்பி மட்கவிட்டால் ஈரமும் தங்கும், மண்ணுக்கும் சத்து என்று வேளாண் துறை சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. இதற்கு மேல் சாலையோரமெல்லாம் பார்த்தீனியம், களத்தில் மக்காச்சோளத் தூசி, வீட்டுக்குள் கொசுவர்த்திச் சுருள், போகியன்று டயர்.

ஆலையில் வேலை பார்க்கிற அண்ணன் தம்பிகள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். லீவு நாளில் மூச்சு லேசாகி, வேலைக்குத் திரும்பியதும் இறுகுகிறதா? அப்படியென்றால் வேலைதான் காரணமாக இருக்கலாம். டாக்டரிடம் போனால் "எனக்கு என்ன வேலை" என்பதையும் சொல்லுங்கள். நாற்பது வயதுக்கு மேலும் ஆஸ்துமா புதிதாக வரும். "சின்ன வயசுல எனக்கு இல்லையே" என்று தள்ளிப்போடாதீர்கள். வேறு நோய்க்குச் சாப்பிடும் மருந்தும் தூண்டலாம். வலிக்கு வாங்கும் ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் சிலருக்கு ஆகாது. படபடப்புக்குக் கொடுக்கும் ப்ரோப்ரனலால், கண் நீர் அழுத்தத்துக்கு விடும் டைமோலால் சொட்டு மருந்துகூட இழுப்பைக் கொண்டுவரும். மருந்துச் சீட்டு எழுதும் ஒவ்வொருவரிடமும் "எனக்கு வீசிங் உண்டு" என்று நாமே முந்திக்கொண்டு சொல்லிவிடுவது நல்லது.

தூதுவளை ரசத்தையோ ஆடாதோடைக் கஷாயத்தையோ நான் குறை சொல்லவில்லை. சளிக்கு இதமாக இருக்கும், சாப்பிடுங்கள். "அதை விட்டுட்டு இதைச் சாப்பிடு" என்று சொல்லி இன்ஹேலரைப் பிடுங்கும்போதுதான் வயிறு எரிகிறது.

அடுத்த வேதனை, மருந்து வாங்கியவர்களும் அதைச் சரியாக எடுப்பதில்லை என்பது. யாரும் சொல்லித் தராததுதான் காரணம். கவரில் போட்டுக் கொடுத்து, "காலையில ரெண்டு, நைட்டு ரெண்டு" என்பதோடு கடையில் வேலை முடிந்துவிடுகிறது. பஸ் ஸ்டாண்டில் ஒருவரைப் பார்த்தேன். வாயை அகலத் திறந்து, தொண்டைக்கு மருந்தடிப்பது போல் இரண்டு முறை அடித்து, உடனே மூடியைப் போட்டுப் பையில் வைத்துவிட்டார். வாயோரம் வெள்ளைப் புகை. அப்படி வெளியே வந்த மருந்து நெஞ்சுக்குப் போகவில்லை. முறை இதுதான்: நன்றாகக் குலுக்க வேண்டும். மூச்சை முழுக்க வெளியே விட வேண்டும். உதட்டை இறுக மூடிக்கொண்டு, மெதுவாக உள்ளே இழுக்கத் தொடங்கும் அதே நொடியில் அழுத்த வேண்டும். இழுத்து முடித்ததும் பத்து எண்ணும்வரை மூச்சைப் பிடிக்க வேண்டும். கொஞ்சம் விட்டு அடுத்தது. கேப்சூல் போட்டு உறிஞ்சும் வகையானால் நேர்மாறாக, ஒரே மூச்சில் வேகமாக இழுக்க வேண்டும்.

அழுத்துவதையும் இழுப்பதையும் ஒன்றாகச் செய்ய முடியாதவர்களுக்கு ஸ்பேசர் என்ற கூடு உண்டு. அது வாங்க வழியில்லை என்றால்கூட உலகம் வழி கண்டிருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் மருத்துவர்கள் அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் துளையிட்டு, இன்ஹேலரைப் பொருத்தி இடைவெளியை அடைத்து, குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். விலை கொடுத்து வாங்கும் ஸ்பேசருக்கு ஈடாக அது வேலை செய்தது என்று 1999-இல் வெளியிட்டார்கள். ஒரு காலி தண்ணீர் பாட்டில் போதும். அதைச் செய்து காட்ட ஐந்து நிமிடம் ஒதுக்க ஒரு நர்ஸ் அக்கா வேண்டும். எங்களுக்கு இல்லாதது அந்த ஐந்து நிமிடம்தான்.

வெட்கம் வேறு. பெண் பார்க்க வருகிறவர்களிடம் மறைக்கச் சொல்லி அம்மாவே மகளின் இன்ஹேலரை அலமாரி அடியில் ஒளித்துவைக்கிறார். கல்யாணமான பிறகு மாமியார் கண்ணில் படாமல் குளியலறையில் நின்று எடுக்கிற பெண்களை எனக்குத் தெரியும். கர்ப்பமானதும் "குழந்தைக்கு ஆகாது" என்று நிறுத்திவிடுகிறார்கள். தாய்க்கு மூச்சு முட்டினால் வயிற்றிலிருக்கும் குழந்தைக்கும் ஆக்சிஜன் குறையும். கட்டுக்குள் இல்லாத ஆஸ்துமாதான் குழந்தைக்கு ஆபத்து, இன்ஹேலரைத் தொடரத்தான் மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஒரு மனுஷி மூச்சு விடுவதற்கு ஒளிந்துகொள்ள வேண்டும் என்றால் வெட்கப்பட வேண்டியது அவளா, வீடா?

நீல இன்ஹேலரை மட்டும் நம்புகிறவர்களுக்கும் சொல்ல வேண்டும். பிரிட்டனில் ஆஸ்துமாவால் இறந்த 195 பேரின் மருத்துவக் குறிப்புகளை அலசி 2014-இல் அறிக்கை வெளியிட்டார்கள். பலர் ஒரு வருடத்தில் பன்னிரண்டுக்கும் மேற்பட்ட நீல இன்ஹேலர்களைக் காலி செய்திருந்தார்கள். பாதிப் பேர் அளவுக்கு, கடைசி நேரத்தில் மருத்துவ உதவியை நாடாமலோ உதவி வந்து சேரும் முன்போ இறந்திருந்தார்கள். வழிகாட்டுதல் எழுதும் உலகளாவிய அமைப்பான 'ஜினா' 2019-இல் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டது: பெரியவர்களுக்கு நீல மருந்தை மட்டும் தனியாகக் கொடுக்காதீர்கள், வீக்கத்தை அடக்கும் மருந்து எல்லோருக்கும் வேண்டும் என்று. வாரத்தில் இரண்டு முறைக்கு மேல் நீல இன்ஹேலர் தேவைப்பட்டாலோ, இராத்திரி இளைப்பால் விழிப்பு வந்தாலோ, ஆஸ்துமா கட்டுக்குள் இல்லை. அப்போதே டாக்டரைப் பாருங்கள். ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் திணறினாலோ உதடு நீலம் பாய்ந்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டி வரும்வரை நிமிர்ந்து உட்காரவைத்து, ஸ்பேசர் வழியாக நீல மருந்தை ஒவ்வொன்றாக நான்கு அழுத்து கொடுத்து, தணியாவிட்டால் 20 நிமிடத்தில் திரும்பக் கொடுக்கலாம். இழுப்புச் சத்தம் திடீரென்று நின்று ஆள் துவண்டால் அது குணமில்லை. காற்றே போகவில்லை என்று அர்த்தம்.

உலகில் ஆஸ்துமா உள்ளவர்கள் 2019 கணக்குப்படி 26 கோடிக்கு மேல்; அதில் சுமார் 13 சதவீதம் இந்தியர்கள். ஆஸ்துமாவால் இறப்பவர்களில் 40 சதவீதத்துக்கும் மேல் இந்தியர்கள். இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நோய் நமக்கு அதிகமாக வரவில்லை, சாவு மட்டும் அதிகமாக வருகிறது. அது மாற்ற முடியாத விதியும் இல்லை. பின்லாந்து 1994 முதல் பத்து வருடம் ஒரு தேசியத் திட்டம் நடத்தியது. சீக்கிரம் கண்டுபிடி, வீக்கத்துக்கான மருந்தை முதல் நாளே தொடங்கு, நர்ஸும் மருந்துக்கடைக்காரரும் நோயாளிக்குச் சொல்லிக் கொடுக்கட்டும். அவ்வளவுதான். ஆஸ்துமாவுக்காக ஆஸ்பத்திரியில் படுத்த நாட்கள் பாதிக்கும் கீழே போயின, செலவும் இறங்கியது.

நமக்கு என்ன குறை? கள்ளக்குறிச்சி 2019-இல் தனி மாவட்டமாகிவிட்டது. 2022 ஜனவரி 12 அன்று தமிழ்நாட்டில் திறக்கப்பட்ட 11 மருத்துவக் கல்லூரிகளில் ஒன்று நம் சிறுவங்கூரில் நிற்கிறது. 2022 தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் புடசோனைடு இருக்கிறது, சால்பியூட்டமால் இருக்கிறது. தொற்றா நோய்களுக்கான தேசியத் திட்டத்தின் 2023 வழிகாட்டுதலில் ஆஸ்துமாவும் சேர்ந்தாகிவிட்டது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீடு தேடி மருந்து தர முடியும் என்று காட்டிவிட்டது. அது தொடங்கியபோது வீட்டுக்கு வந்தவை சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள், பிசியோதெரபி, வலி தணிப்புச் சிகிச்சை, டயாலிசிஸ் பை. மூச்சுக்கு ஒன்றும் இல்லை. காப்பீட்டு அட்டையும் பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்தால்தான் பேசுகிறது. படுக்கைக்குப் போகாமல் காக்கிற மருந்துக்கு நோயாளியின் சொந்தக் காசு. ஆக்சிஜனுக்கும் ஐசியூவுக்கும் ஆம்புலன்ஸுக்கும் அரசு செலவழிக்கத் தயார். அந்தச் செலவே வராமல் தடுக்கும் சில நூறு ரூபாய் இன்ஹேலரை மாதாமாதம் கொடுக்க என்ன தடை?

கேட்பது நாலே நாலுதான். ஆரம்ப சுகாதார நிலையம் எல்லாவற்றிலும், முக்கியமாகக் கல்வராயன் மலையில், ஸ்டீராய்டு இன்ஹேலர் தட்டுப்பாடு இல்லாமல் இருக்க வேண்டும். ஒரு பீக் ஃப்ளோ மீட்டர் வேண்டும். எடுக்கும் முறையைச் செய்து காட்டி, நோயாளியைத் திரும்பச் செய்யச் சொல்லிப் பார்க்க ஒரு ஆள் வேண்டும். சர்க்கரை மாத்திரையோடு இன்ஹேலரும் வாசலுக்கு வர வேண்டும்.

மே 1 அன்று ஊர் ஊராகக் கிராம சபை கூடும். மே மாத முதல் செவ்வாய் உலக ஆஸ்துமா நாள். ரோடு, தண்ணீர், தெருவிளக்கு என்று கேட்கும்போது இந்த நாலையும் சேர்த்துக் கேளுங்கள். வாய்ப்பேச்சாக விடாமல் தீர்மான நோட்டில் எழுதச் சொல்லி, எழுதிய பிறகு படித்துக் காட்டச் சொல்லிக் கையெழுத்துப் போடுங்கள். உங்கள் தெருவில் இளைப்போடு இருக்கிற ஒருவரையாவது கூட்டிக்கொண்டு போய் முன்வரிசையில் உட்காரவையுங்கள். அவருக்குப் பேச மூச்சு போதவில்லை என்றால் அவருக்காக நீங்கள் எழுந்து பேசுங்கள்.